மாவுச்சத்தைக் குறைத்த பின் கெண்டைக்கால் இழுப்பது ஏன்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கியவர்கள் எழுதும் கடிதங்களில், எடை குறைந்த மகிழ்ச்சிக்கு அடுத்தபடியாக அடிக்கடி இடம்பெறுவது இரவில் காலைச் சுண்டி இழுக்கும் தசைப்பிடிப்பு. தூக்கத்தைக் கெடுத்து, நல்ல நோக்கத்துடன் தொடங்கியவர்களை அச்சுறுத்தி, பாதியிலேயே நிறுத்த வைக்கும் தொல்லை இது. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. எடையைக் குறைப்பதற்காக மூன்று வாரங்களாக மாவுச்சத்தை நாளொன்றுக்கு 40 கிராமுக்குள் வைத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே இரண்டரை கிலோ குறைந்தது. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து விடியற்காலையில் கெண்டைக்கால் சதை திரண்டு கல்லாக இறுகி, உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. உடலுக்கு நல்லது என்று உப்பையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். இரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. பிறகு ஏன் இப்படி வருகிறது? இந்த உணவுமுறை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: நீங்கள் எழுதியவற்றில் மூன்று செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. முதல் வாரத்தில் குறைந்த இரண்டரை கிலோ ஒன்று. எழும்போது கண் இருட்டுவது இன்னொன்று. உப்பைப் பாதியாகக் குறைத்தது மூன்றாவது. உங்கள் உடல் குறுகிய காலத்தில் நிறைய நீரையும் அதனுடன் உப்பையும் இழந்திருக்கிறது. இழந்ததை ஈடுகட்டக்கூடிய ஒரே வழியையும் நல்லெண்ணத்தில் நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும், கல்லீரலில் 100 கிராமும் இப்படி இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்திருப்பதால், மாவுச்சத்து குறைந்து இந்தச் சேமிப்பு கரையும்போது அந்த நீரும் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. முதல் வாரத்தில் எடை காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி இதுதான். கொழுப்பு இந்த வேகத்தில் அல்ல, மெல்லத்தான் குறைகிறது.

நீரோடு உப்பும் ஏன் போகிறது என்பதே இங்கே முக்கியமான கேள்வி. இன்சுலினை இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். சோடியத்தைச் சிறுநீரில் விட்டுவிடாமல் இரத்தத்துக்கே திருப்பியனுப்பும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவதும் அதன் வேலைதான் என்பது 1975ஆம் ஆண்டிலேயே மனிதர்களிடம் செய்த ஆய்வில் காட்டப்பட்டுவிட்டது. மாவுச்சத்து குறைந்தவுடன் இன்சுலின் தாழ்கிறது. தாழ்ந்தவுடன் சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியேற்றத் தொடங்குகிறது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் சிறுநீரில் செல்லும்போதும், குறிப்பாக முதல் சில நாட்களில், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உடன் அழைத்துச் செல்கின்றன. சோடியம் குறைவதை உணர்ந்த உடல் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பைக் கூடுதலாக வெளியிடுகிறது. அது சோடியத்தைக் காப்பாற்றும். ஆனால் அதற்கு விலையாகப் பொட்டாசியத்தை வெளியே அனுப்பும். ஆகவே உப்புக் குறைபாடாகத் தொடங்குவது நாளடைவில் பொட்டாசியக் குறைபாடாகவும் விரியக்கூடும். இவற்றோடு, ரொட்டி, பிஸ்கட், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றை நிறுத்தும்போது அவற்றின் வழியாக நம்மை அறியாமல் உள்ளே வந்துகொண்டிருந்த உப்பும் நின்றுபோகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை முடிவு சரியாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். இரத்தத்தில் சோடியம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதையே அந்த எண் சொல்லும். உடலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு பாத்திர உப்புநீரில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மீதமுள்ளதன் கரிப்பு மாறுவதில்லை அல்லவா? நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறும்போது எண் 135க்கும் 145க்கும் இடையில் பத்திரமாக நிற்கும். இரத்தத்தின் மொத்த அளவோ குறைந்திருக்கும். எழும்போது உங்களுக்குக் கண் இருட்டுவது அதன் அடையாளம். இந்த இடத்தில் பரிசோதனைத் தாளைவிட உங்கள் உடல் சொல்வதற்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

தசைப்பிடிப்பு தசையில் வலித்தாலும், அது கிளம்புவது தசையை இயக்கும் நரம்பிலிருந்து. நரம்பைச் சூழ்ந்த நீரும் தாது உப்புகளும் குறையும்போது, அது காரணமின்றித் தானாகவே துடித்துச் சமிக்ஞை அனுப்பத் தொடங்குகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். களைத்துப்போன தசையும் இதே வேலையைச் செய்யும் என்று விளையாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. உப்பின் பங்கைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லாத பழைய சான்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்கான்ஸ் உப்பில்லாத உணவை உண்டும், வியர்வையால் உப்பை வெளியேற்றியும், தம்மிடமும் தன்னார்வலர்களிடமும் உப்புக் குறைபாட்டை வேண்டுமென்றே உண்டாக்கி, 1936இல் அதன் விளைவுகளைப் பதிவு செய்தார். சோர்வு, நாவின் சுவை மாறுதல், தசைப்பிடிப்பு ஆகியவை அவர் குறிப்பிட்டவற்றில் அடங்கும். உப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது அவை விலகின.

நீங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 120 பேரிடம் 24 வாரங்கள் நடத்தி, 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்களில் 35 விழுக்காட்டினருக்குத் தசைப்பிடிப்பு வந்தது. கொழுப்பைக் குறைத்து உண்டவர்களில் 7 விழுக்காட்டினருக்கே வந்தது. எனவே இது உங்கள் உடலின் குறையன்று. இந்த உணவுமுறையோடு சேர்ந்து வருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டிய ஒன்று; சொல்லாமல் எடைக்குறைப்பைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

இனி செய்ய வேண்டியது. குறைத்த உப்பை முதலில் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். அதற்கு மேல் அரைத் தேக்கரண்டி உப்பை, அதாவது சுமார் 3 கிராமை, காலை, மாலை என இரண்டு வேளையாகப் பிரித்துச் சூப்பிலோ, காய்களை வேகவைத்த நீரிலோ கலந்து அருந்துங்கள். வெறும் நீரில் கலந்து ஒரே மூச்சில் குடித்தால் குமட்டும், வயிற்றுப்போக்கும் ஆகலாம். 3 கிராம் உப்பில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்லும்போது இது முரணல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரம்பு வழக்கமான உணவை உண்ணும் பொதுமக்களுக்கானது. சிறுநீரகம் உப்பை வேகமாக வெளியேற்றிக்கொண்டிருக்கும் இந்தத் தொடக்கக் காலத்துக்கு, உங்களைப்போல் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்கு மட்டுமே நான் இதைச் சொல்கிறேன். வாரம் இருமுறை இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். உப்புதான் காரணம் என்றால் கண் இருட்டுவது முதலில் நிற்கும். அடுத்த சில நாட்களில் கால் இழுப்பதும் குறையும். இரண்டு வாரங்கள் ஆகியும் மாற்றம் இல்லையென்றால் உப்பை மேலும் கூட்டாமல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: தசைப்பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரைதான் மருந்து என்று உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சிலர் வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் இரண்டும் முதலிடத்துக்கு உரியவையல்ல. நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் சுமார் 420 மில்லிகிராம் பொட்டாசியமும், அதனுடன் ஏறத்தாழ 27 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. நாளுக்கு 40 கிராம் என்று வைத்திருப்பவருக்கு ஒரு பழத்திலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடும். சோடியமோ அதில் கிட்டத்தட்ட இல்லை. கீரைகள், காளான், வெண்ணெய்ப்பழம், மீன் ஆகியவற்றிலிருந்து மாவுச்சத்து அதிகம் சேராமலே பொட்டாசியத்தைப் பெறலாம். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதிலிருந்த பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அந்த நீரோடு போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பொட்டாசிய மாத்திரையையோ பொடியையோ மருத்துவர் எழுதித் தராமல் யாரும் தொடக்கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டிய எல்லை 3.5இலிருந்து 5 வரை என்ற குறுகிய இடைவெளி. அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது இதயத் துடிப்பு.

மெக்னீசியத்தைப் பற்றிச் சான்றுகள் சொல்வது, அதை விற்பவர்கள் சொல்வதைவிட அடக்கமானது. காரணம் தெரியாமல் வரும் கால் பிடிப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு, வயதில் மூத்தோருக்கு மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பயன் தருவதாகத் தெரியவில்லை என்றே முடிவு செய்தது. ஆனால் உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்திருப்பவர்களின் நிலை வேறு. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், நெடுநாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் அந்த வகையில் அடங்குவர். உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே இரத்தத்தில் இருப்பதால், பரிசோதனையில் அளவு சரியாக வந்தாலும் குறைபாடு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எனவே என் கருத்து இது: முதலில் உப்பையும் நீரையும் சரிசெய்யுங்கள், அடுத்து உணவின் மூலம் மெக்னீசியத்தைக் கூட்டுங்கள். 30 கிராம் பூசணி விதையில் சுமார் 150 மில்லிகிராமும், அதே அளவு பாதாமில் சுமார் 80 மில்லிகிராமும் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்கும் வேண்டியது 310இலிருந்து 420 மில்லிகிராம் வரைதான். இதற்குப் பிறகும் பிடிப்பு தொடர்ந்தால் சில வாரங்களுக்கு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கலாம். ஆக்சைடு வடிவம் உடலில் குறைவாகவே சேரும். சிட்ரேட், கிளைசினேட் ஆகியவை அதைவிட நன்றாகச் சேரும். நாளுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். தாண்டினால் வயிற்றுப்போக்கு வந்து, இருக்கும் உப்பையும் இழப்பீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு இது கூடாது.

கேள்வி: ஐயா, எனக்கு 57 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. டெல்மிசார்ட்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டாபாகிளிஃப்லோசின் ஒன்று, மெட்ஃபார்மின் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். உறவினர் ஒருவர் சொல்லி, மருத்துவரிடம் கேட்காமலே கடந்த மாதம் மாவுச்சத்தை அறவே நிறுத்தினேன். சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் தொடையிலும் பாதத்திலும் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. உப்புநீர் குடித்தால் சரியாகும் என்றார்கள். சோடியம் குறைந்த மாற்று உப்பு வாங்கி வைத்திருக்கிறேன். குடிக்கலாமா?

பதில்: குடிக்க வேண்டாம். தயவுசெய்து இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கும்வரை மாவுச்சத்தைப் பழைய அளவுக்குத் திருப்புங்கள். இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குத் தசைப்பிடிப்பு காரணமல்ல.

டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின், கானாகிளிஃப்லோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் மாத்திரைகள். நல்ல மருந்துகள்தான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு அளிப்பவை. ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அறவே நிறுத்தினால், கீட்டோன்கள் அளவுமீறிப் பெருகி இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறாமலே இது நிகழக்கூடும் என்பதுதான் இதன் கொடுமை. வீட்டில் கருவியில் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாந்துவிடுவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, காரணமில்லாத கடும் அசதி, வேகமான ஆழ்ந்த மூச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரையின் பெயரையும் மாவுச்சத்தை நிறுத்தியதையும் அங்கே முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது குளோர்தாலிடோன். அது உப்பையும் நீரையும் வெளியேற்றி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையுமே குறைக்கக்கூடியது. டாபாகிளிஃப்லோசினும் நீரை வெளியேற்றுகிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் அதையே செய்கிறது. மூன்றும் ஒரே திசையில் இழுத்தால் தசைப்பிடிப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. ஒருபுறம் மாத்திரையால் உப்பை வெளியேற்றிக்கொண்டு மறுபுறம் உப்புநீரைக் குடிப்பதில் பொருளில்லை. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தால், மாத்திரையின் அளவைக் குறைப்பதே இதற்குச் சரியான மருத்துவமாக இருக்கக்கூடும். அதை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

மாற்று உப்பு இன்னொரு வகையில் ஆபத்தானது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவற்றை எடுப்பவர்களின் உடலில் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும் போக்கு உடையது. நீண்டநாள் சர்க்கரையால் சிறுநீரகமும் சற்றே தளர்ந்திருந்தால் அந்த உப்பு இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின், கீட்டோன் ஆகியவற்றைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பாதத்தில் பிடிப்போடு எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. சர்க்கரை குறைந்ததில் உங்களுக்கு உள்ள மகிழ்ச்சியை நான் குலைக்க விரும்பவில்லை. மாவுச்சத்தைக் குறைப்பது உங்களுக்கு நன்மை தரக்கூடியதுதான். ஆனால் மாத்திரைகளை மாற்றியமைத்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில், அறவே நிறுத்தாமல் படிப்படியாகச் செய்ய வேண்டும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இதே சொல் பொருந்தும். அவர்களுக்கு இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

கேள்வி: நள்ளிரவில் பிடித்துக்கொள்ளும்போது அந்த நேரத்தில் உடனடியாக என்ன செய்வது? பக்கத்தில் படுத்திருப்பவர்கள் அழுத்திப் பிடித்து முறுக்கிவிடுகிறார்கள். வலி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பதில்: இறுகிய தசையை முறுக்கக்கூடாது, நீட்ட வேண்டும். முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, விரல்கள் முகத்தை நோக்கி வருமாறு மெதுவாக இழுத்து அப்படியே வைத்திருங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தைச் சுற்றிப் போட்டு இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் குதிகால் தரையில் பதிய நின்று உடல் எடையை அந்தக் காலில் இறக்குவது இன்னும் விரைவாகப் பலன் தரும். எழும்போது தலைசுற்றக்கூடும் என்பதால் சுவரையோ கட்டிலையோ பற்றிக்கொள்ளுங்கள். தசை நீளும்போது தசைநாணில் உள்ள உணர்வு நுனிகள் நரம்பின் துடிப்பை அடக்குகின்றன. அதனால்தான் இது வேலை செய்கிறது. பிடிப்பு விட்ட பிறகு மெல்லத் தடவிக்கொடுத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மறுநாள் முழுவதும் அந்த இடத்தில் வலி இருப்பது இயல்பு.

ஊறுகாயின் புளித்த உப்புநீரை ஒரு வாய் குடித்தால் பிடிப்பு சீக்கிரம் விடுகிறது என்பதை 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. குடித்த உப்பு இரத்தத்தில் சேரும் நேரத்துக்கு முன்பே பலன் தெரிந்ததால், வாயிலும் தொண்டையிலும் உண்டாகும் உணர்வே நரம்பை அடக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பிடித்த அந்த நேரத்துக்கு உதவலாம். உடலில் உள்ள குறைபாட்டை ஒரு வாய் நீர் தீர்க்காது.

வராமல் தடுப்பதற்கு, உறங்கப்போகும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பகுதியையும் சில நிமிடங்கள் நீட்டிப் பழகுங்கள். 55 வயதைக் கடந்தவர்கள் ஆறு வாரங்கள் இப்படிச் செய்தபோது இரவுப் பிடிப்பு எண்ணிக்கையிலும் கடுமையிலும் குறைந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் கனமான போர்வையையும் தவிருங்கள். குயினைன் மாத்திரை கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறார்கள். இரத்தத் தட்டணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடக்கூடிய மருந்து அது என்பதால் இந்தத் தொல்லைக்காக அதை எடுக்க வேண்டாம்.

கேள்வி: நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். அப்படியும் ஏன் தசை இழுக்கிறது?

பதில்: அப்படிக் குடிப்பதாலேயே இழுக்கலாம். உப்பு குறைந்த உடலில் வெறும் நீரை ஊற்ற ஊற்ற, எஞ்சியிருக்கும் சோடியம் மேலும் நீர்த்துப்போகிறது. வெப்பத்தில் உழைத்து வியர்வை கொட்டிய சுரங்கத் தொழிலாளர்கள் வெறும் நீரைக் குடித்தபோது தசைப்பிடிப்பு வந்ததையும், நீரில் சிறிது உப்பைச் சேர்த்தபோது அது நின்றதையும் 1920களிலேயே கண்டறிந்திருந்தார்கள். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், நிறமே இல்லாமல் போக வேண்டிய தேவையில்லை. தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். அப்போது வீட்டு மருத்துவம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தசைப்பிடிப்புக்குக் குடிக்கலாமா? அதில் சர்க்கரை இருப்பதால் உணவுக்கட்டுப்பாடு கெட்டுவிடுமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் ஆகியவை இருக்கின்றன. குடல் உப்பையும் நீரையும் விரைவாக உறிஞ்சுவதற்கு அந்தக் குளுக்கோஸ் உதவுவதால், அதை வேண்டாத சர்க்கரையாக எண்ணிவிடாதீர்கள். ஆரோக்கியமானவர் வெயிலில் உழைத்த நாளில் அரை லிட்டர் குடித்தால் சேர்வது 7 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். நாள்தோறும் அருந்தும் பானமாக அதை ஆக்கிக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உணவுக்கட்டுப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, தயங்காமல் குடிக்க வேண்டிய கரைசல் இதுதான்.

கேள்வி: எனக்கு வலது காலில் மட்டும் நான்கு நாட்களாக வலி இருக்கிறது. இதுவும் உணவுமுறையால் வரும் பிடிப்புதானா?

பதில்: நான்கு நாட்கள் விடாமல் இருப்பதைத் தசைப்பிடிப்பு என்று ஏற்க என்னால் முடியவில்லை. பிடிப்பு சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விட்டுவிடும். தசை திரள்வது கைக்குத் தட்டுப்படும். ஒரு காலில் மட்டும் தொடர்ந்து வலியும், அதோடு வீக்கமும் சூடும் சிவப்பும் இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைவு நுரையீரலுக்குச் செல்லக்கூடியது என்பதால் இன்றே காட்டுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சில நிமிடங்களில் குறைந்து, நடந்தால் மறுபடி வந்தால் அது காலுக்குச் செல்லும் இரத்தக்குழாயின் அடைப்பாக இருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலின் இரு பக்கத்திலும் தசைவலியும் பலவீனமும் வந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தசை சிதைகிறது என்று பொருள். அது அவசர நிலை. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் இருந்து கை விரல்கள் மடங்கி இறுகினால் கால்சியம் குறைந்திருக்கலாம். இவற்றை எல்லாம் உணவுமுறையின் கணக்கில் எழுதிவிட்டு உப்பைத் தேடிப் போனால், பொன்னான நேரம் கைநழுவிவிடும்.

கேள்வி: உப்பு, நீர், மெக்னீசியம் எல்லாவற்றையும் சரிசெய்தும் இரண்டு மாதங்களாக வாரத்துக்கு ஓரிரு முறை இழுக்கிறது. மருத்துவரும் பரிசோதித்து வேறு நோய் இல்லை என்று சொல்லிவிட்டார். மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தால் இதுவரை செய்தது வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் பலன் என்று எண்ணிப் பலர் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். 130 கிராமுக்குக் கீழே இருப்பதையே மருத்துவ நூல்கள் மாவுச்சத்து குறைந்த உணவாகக் கணக்கிடுகின்றன. நீங்கள் வாரத்துக்கு 15 அல்லது 20 கிராம் வீதம் கூட்டிக்கொண்டே போய், பிடிப்பு நிற்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். பருப்பு வகைகள், பயறுகள், முழுப் பழங்கள் ஆகியவற்றில் தொடங்கினால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்தே கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறக்கூடும். அது திரும்பி வந்த கிளைகோஜனும் அதன் நீரும்தானே தவிரக் கொழுப்பு அல்ல. உணவுக்கட்டுப்பாட்டோடு நீண்ட நேர விரதமும் கடும் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்துவருகிறீர்கள் என்றால், மாவுச்சத்தைக் கூட்டுவதற்கு முன் விரதத்தைச் சில வாரங்கள் நிறுத்திப் பாருங்கள், ஏனென்றால் உண்ணாத நேரத்திலும் சிறுநீரகம் உப்பை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.